விற்கவா, வரவா, விடவா: பெரிய முடிவெடுக்க ஒரு நோட்டும் நாலு வாரமும்

"சவுதியை முடிச்சுட்டு ஊருக்கு வந்துரவா?" கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்து வீடுகளில் போனில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் ஐந்தாறு கேள்விகள் கிடக்கின்றன. வந்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? மகளின் படிப்புக் கடனில் எத்தனை தவணை பாக்கி? கம்பெனி தர வேண்டிய பணம் முழுதாக வருமா? படுத்திருக்கும் அம்மாவை யார் பார்ப்பது? மனைவியும் பிள்ளைகளும் இவ்வளவு வருடம் தனியே இருந்தது போதாதா? முதல் மூன்றுக்கும் ஒரு வாரம் விசாரித்தால் விடை கிடைத்துவிடும். கடைசி இரண்டுக்கு எத்தனை பேரைக் கேட்டாலும் கிடைக்காது, அதை வீட்டுக்குள்தான் தீர்க்க வேண்டும். இரண்டு வகையையும் ஒன்றாகக் கட்டிவைத்துக்கொண்டு யோசிப்பதால்தான் மாதக்கணக்கில் தூக்கம் கெடுகிறது.

கீழே சொல்லும் முறை அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கு. விளையை (தோட்ட நிலத்தை) விற்பது, வேலையை விடுவது, பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவது, பெற்றோரை இடம் மாற்றுவது, கல்யாண ஆலோசனைக்கு (வந்த வரனுக்கு) சரி சொல்வது, பெரிய ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வது என எதற்கும் பொருந்தும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பெரும்பாலான முடிவுக்கு நாலு வாரம் தாராளம்.

முதல் பக்கம்: கேள்வி

கேள்வியை ஒரே வாக்கியமாக, தேதியோடு எழுதுங்கள். "ஊருக்கு வரலாமா வேண்டாமா" என்பதை வைத்துக்கொண்டு எதையும் விசாரிக்க முடியாது. "வருகிற மார்ச்சில் ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்காமல் வந்து, தக்கலையில் கடை போடுவதா, இன்னும் இரண்டு வருடம் நிற்பதா" என்று எழுதினால் அடுத்த வேலை தானாகத் தெரியும்.

எழுதியதும் அதற்குக் கீழே மூன்றாவது வழி ஒன்றையாவது எழுதியாக வேண்டும். வேண்டும், வேண்டாம் என்று இரண்டே வழி தெரிகிறதென்றால் பாதி விசாரணைதான் நடந்திருக்கிறது. விளை முழுவதையும் விற்காமல் 20 சென்ட் மட்டும் விற்க முடியுமா? வேலையை விடாமல் சம்பளமில்லா விடுப்பு எடுக்க முடியுமா? ரப்பர் மரத்தை மொத்தமாக வெட்டாமல் பாதியை வெட்டி மறுநடவு செய்ய முடியுமா? இந்த மூன்றாவது வழியே கடைசியில் சரியாக வருவது உண்டு. அதை யாரும் எழுதி வைக்காததால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

பிறகு உட்கேள்விகளைப் பிரியுங்கள். இடப்பக்கம் விசாரித்தால் தெரிபவை, வலப்பக்கம் மனசு சொல்ல வேண்டியவை. இடப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே யாரிடம் கேட்பது, என்றைக்குள் கேட்பது என்று குறியுங்கள். இடப்பக்கம் முடியும்வரை வலப்பக்கத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. தகவல் இல்லாத நேரத்தில் பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

கெடு யாருடையது?

அவசரம் மூன்று வகை. விசா முடியும் நாள், கவுன்சலிங் தேதி, "இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும்" என்று மருத்துவர் சொன்னது ஆகியவை நிஜமான கெடு. "நாளைக்கு அட்வான்ஸ் தரலேன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்று புரோக்கர் சொல்வது அவருடைய கெடு. "ஆடி பிறக்கும் முன்னே, லெந்து (தவக்காலம்) தொடங்கும் முன்னே முடிச்சிரணும்" என்பது நாமே வைத்துக்கொண்ட கெடு. அதை நாமே தள்ளியும் வைக்கலாம்.

எது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஏழு நாள் அவகாசம் கேட்டுப் பாருங்கள். நிஜமான கெடுவாக இருந்தால் காரணத்தைக் காகிதத்தில் காட்டுவார்கள். புரோக்கர் கெடுவாக இருந்தால் குரல் உயரும், அல்லது விலை சற்று இறங்கும். குரல் உயர்ந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

நிலம் வாங்குவதென்றால் அந்த ஏழு நாளில் குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்துவிட வேண்டும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும், பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால் பழைய மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் முழுதாக வாசித்துக் கேளுங்கள். பாகப்பிரிவினையில் விட்டுப்போன அக்கா தங்கை பங்கு, பொதுவழி, கிணற்று உரிமை எல்லாம் அந்தப் பழைய தாளில்தான் ஒளிந்திருக்கும்.

திரும்ப முடியுமா?

முடிவெடுக்கும் முறையில் மிக முக்கியமான பக்கம் இதுதான். இந்த முடிவை மாற்ற நினைத்தால் எவ்வளவு பணம், எவ்வளவு காலம், யாருடைய சம்மதம் தேவை என்று எழுதுங்கள். வாடகை வீடு மாறுவதை ஒரு மாத அட்வான்ஸோடு திருப்பிக்கொள்ளலாம். அதற்கு நாலு வாரம் யோசிப்பது வீண். ரப்பரை வெட்டி மறுநடவு செய்தால் அடுத்த பால்வெட்டுக்கு ஏறத்தாழ ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். முதல் மூன்று நாலு வருடம் இடையில் அன்னாசி போட்டு வருமானம் பார்க்கலாம், நிழல் விழுந்தபின் அதுவும் இல்லை. ஐம்பது வயதில் வெட்டுகிறவர், அந்த இடைப்பட்ட வருடங்களில் பிள்ளையின் கல்யாணம் வருமா என்று பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும்.

திரும்பவே முடியாதது என்று தெரியாமலே இங்கே பலரும் செய்வது ஒன்று உண்டு. வயதான காலத்தில் வீட்டையும் விளையையும் மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுப்பது. பாசத்தில் செய்வதுதான், தவறில்லை. ஆனால் உயிலும் செட்டில்மென்டும் ஒன்றல்ல. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் செல்லும், பதிவு கட்டாயமில்லை (பதிந்து வைத்தால் பின்னால் தகராறு குறையும்). செட்டில்மென்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும், மனசு மாறினால் ரத்து செய்ய முடியாது.

எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பத்திரத்திலேயே இரண்டு வாசகம் இருக்கட்டும். ஒன்று, எழுதிக்கொடுப்பவருக்கும் அவருடைய துணைக்கும் வாழ்நாள் முழுதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் விளையின் வருமானத்தை எடுக்கவும் உரிமை. இன்னொன்று, பெறுபவர் இவர்களின் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, இப்படி நிபந்தனையோடு கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்டவர் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்க வழி செய்கிறது. மனுவை வருவாய் கோட்டாட்சியர் நிலையில் இருக்கும் தீர்ப்பாயம் விசாரிக்கும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டம். நிபந்தனை எழுதாத பத்திரத்தோடு போனால் வழக்கு கடினமாகிவிடும். "மகனை நம்பாத மாதிரி ஆயிரும்" என்ற கூச்சத்தில் அந்த வரியை விடாதீர்கள். நல்ல மகனுக்கு அந்த வரியால் ஒரு குறையும் வராது.

பணப் பக்கம்

இங்கே நாலு வரி எழுதினால் போதும். இப்போது மாதம் வருவது, முடிவுக்குப்பின் மாதம் வருவது, மாதம் கட்டாயம் போவது, ஒன்றும் வராவிட்டால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். நாலாவது வரி ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் வேலையை விடும் முடிவைத் தள்ளிவையுங்கள். நகையைக் கையிருப்பில் சேர்க்கலாம், ஏற்கெனவே அடகில் இருப்பதைச் சேர்க்கக் கூடாது. "தம்பி தருவான்" என்பதையும் சேர்க்கக் கூடாது.

வட்டியை மாதக்கணக்கில் சொல்வதால் அதன் கனம் தெரிவதில்லை. ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 5 லட்சம் வாங்கினால் மாதம் 10,000 ரூபாய் வட்டி, 50 மாதத்தில் 5 லட்சம் கட்டியிருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். அதே நேரம் வங்கியில் 10 சதவீதத்தில் 10 லட்சம், பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 13,200. கல்விக் கடனுக்குப் படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை இல்லை என்பார்கள், உண்மைதான். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும்.

வேலையை விடுகிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. சில மாதம் பொறுத்தால் பெரிய தொகை மாறும். சவுதி தொழிலாளர் சட்டப்படி பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதன்பின் வருடம் ஒரு மாதச் சம்பளம். தானாக ராஜினாமா செய்தால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றுமில்லை, இரண்டு முதல் ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்து முதல் பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்து முடிந்தால் முழுத் தொகை. 3,000 ரியால் சம்பளக்காரர் 9 வருடம் 8 மாதத்தில் ராஜினாமா செய்தால் சுமார் 14,300 ரியால் வரும். நாலு மாதம் பொறுத்துப் பத்தை முடித்தால் 22,500. மற்ற நாடுகளின் விதி வேறு, ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஊரில் பிஎஃப் உள்ள வேலையில் இருப்பவருக்கு ஓய்வூதியத் தகுதி பத்து வருட சேவை. ஒன்பது வருடத்தில் கோபித்துக்கொண்டு எழுதிக்கொடுப்பது மாதாமாதம் வரவேண்டியதை விட்டுவிட்டு வருவது போல.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு: பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் உச்சவரம்பு, ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால் அது விசா வியாபாரம். முகவரின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தட்டிப் பார்த்தபின் பேச்சைத் தொடருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விளையை விற்பதென்றால், ஏஜென்ட் தரும் வண்ணத் தாளில் இல்லாத கேள்விகளைக் கேட்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி, ஆங்கில வழி. நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும், திரும்பியபின் இங்கே தேர்வும் எழுத வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இருக்கும், இந்தியாவில் பதிவு கிடைக்காது. கட்டணத்தோடு அந்தக் கடைசித் தேர்வுக்குத் தயாராகும் ஒன்றிரண்டு வருடச் செலவையும் சேர்த்தால்தான் எத்தனை சென்ட் விற்க வேண்டும் என்பது தெரியும்.

யாரிடம் கேட்பது, யாருக்குச் சொல்வது

மூன்று பட்டியல் போடுங்கள். முடிவால் வாழ்க்கை மாறுபவர்கள், விஷயம் தெரிந்தவர்கள், வெறுமனே தெரிந்திருக்க வேண்டியவர்கள். முதல் பட்டியலுக்கு மட்டும்தான் சம்மதம் கேட்க வேண்டும், அது பெரும்பாலும் நாலைந்து பேருக்குமேல் இருக்காது. இரண்டாவது பட்டியலிடம் தகவல் மட்டும். மூன்றாவதில் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டார், அன்பியத்தில் (சர்ச் பங்கின் சிறு குழுவில்) உள்ளவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லாம் வருவார்கள். அவர்களுக்கு முடிவெடுத்தபின் மரியாதையாகச் சொன்னால் போதும். முடிவெடுக்கும் முன்பே கேட்டால், கேட்டபடி நடக்கவில்லை என்று மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

முதல் பட்டியலில் வாய் திறக்காதவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அம்மா, அல்லது கல்யாண வயதுப் பெண். எல்லோரும் உட்கார்ந்திருக்கும் முற்றத்தில் "உனக்குச் சம்மதம்தானே மக்களே" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வாள். அது சம்மதம் ஆகாது. தனியாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் கேட்க வேண்டும். கேள்வியும் ஆம் இல்லை என்று முடியக் கூடாது. "அம்மா, நாகர்கோவில் வீட்டுக்கு வந்தா உங்களுக்கு இங்கே உள்ளதுல எது இல்லாம இருக்க முடியாது?" "மோளே, இந்த ஆலோசனையில உனக்கு உறுத்துற ஒரு காரியம் சொல்லு. ஒண்ணும் இல்லேன்னு சொல்லாதே, சின்னதா இருந்தாலும் சரி." விடை வந்ததும் அங்கேயே சமாதானம் சொல்லாமல், "சரி, நோட்டுல எழுதிக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் தருகிறவராக இருந்தால் அவர் சொல்லே கடைசிச் சொல்லாகிவிடும். ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டுவது இங்கே இருக்கும் மைனி (அண்ணி). பணம் தருபவர் சொல்லும் கை கொடுப்பவர் சொல்லும் நோட்டில் சம அளவு இடம் பெற வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பார்த்துக்கொள்பவரைக் கேட்காமல் எடுத்த முடிவு சில மாதங்களிலேயே உடைந்துவிடும்.

மருத்துவ முடிவென்றால் இரண்டாவது கருத்து கேட்பது அந்த மருத்துவரை அவமதிப்பது ஆகாது. திருவனந்தபுரத்தில் ஆர்சிசி புற்றுநோய் மையத்துக்கோ, இதயம் நரம்பு சிகிச்சைக்கான ஸ்ரீசித்திராவுக்கோ போவதென்றால் ரிப்போர்ட் மட்டும் எடுத்துப் போனால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஸ்கேன் சிடியும், தசை எடுத்திருந்தால் (பயாப்சி) அதன் பிளாக்கும் ஸ்லைடும் கேட்டு வாங்குங்கள். செய்தால் என்ன மாறும், செய்யாவிட்டால் என்ன ஆகும், மூன்று மாதம் பொறுத்தால் என்ன நஷ்டம் என்ற மூன்றையும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கேளுங்கள். நிலத்தைத் தொடும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை.

முடிவெடுக்கக் கூடாத நாட்கள்

மரணம் நடந்த வீட்டில், பதினாறு கழியும் முன் பாகப்பிரிவினைப் பேச்சு வேண்டாம். முடிந்தால் ஒரு வருடம் போகட்டும். இரவு பத்துக்குமேல் வேண்டாம். குடித்திருப்பவர் முன்னால் வேண்டவே வேண்டாம். கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலத்தில் படகை விற்பது, கடலை விட்டுவிடுவது பற்றி முடிவெடுக்காதீர்கள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வருமானம் நின்ற 61 நாளில் கடன்காரன் சொல்லும் விலைதான் காதில் விழும். ரப்பருக்கும் அப்படியே. தொடர்மழையில் வெட்டு நின்று கிடக்கும் மாதத்துக் கணக்கை வைத்துத் தோட்டத்தை எடை போடக் கூடாது, 12 மாதக் கணக்கு வேண்டும்.

பூக்கட்டிப் பார்ப்பது, பிரசன்னம் வைப்பது, ஜெபித்து வாக்குத்தத்தம் எடுப்பது எல்லாம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அது தைரியம் தரும், வேண்டாமென்று சொல்ல மாட்டோம். வரிசை மட்டும் முக்கியம். வில்லங்கமும் வட்டியும் வேலை ஒப்பந்தமும் பார்த்து, இரண்டு வழியும் தாங்கக்கூடியது என்று தெரிந்தபின் சீட்டு எடுங்கள். தாங்காத வழியைச் சீட்டில் எழுதவே கூடாது.

சின்னதாகச் செய்து பார்ப்பது

திரும்ப முடியாத முடிவை, திரும்பக்கூடிய அளவில் முதலில் செய்து பார்க்கலாம். ஊருக்கு வர நினைப்பவர் இரண்டு மாத லீவில் வந்து, ஊரில் எதிர்பார்க்கும் வருமானம் மாதம் 18,000 என்றால் அந்த 18,000க்குள் மட்டும் வாழ்ந்து பார்க்கட்டும். லீவுக்கு வந்தவர் கையால் செலவழிக்கும் பழக்கம் இதைக் கெடுத்துவிடும். கொண்டுவந்த பணத்தை மனைவியிடம் கொடுத்து, வாரம் 4,500 என்று வாங்கிக்கொண்டால் உண்மை தெரியும். அம்மாவை மாற்றும் முன் ஒரு மாதம் புது இடம், ஒரு மாதம் பழைய இடம் என்று வைத்துப் பாருங்கள். முதல் வாரம் எந்த இடத்திலும் கஷ்டமாகத்தான் இருக்கும், மூன்றாவது வாரத்தில் அவர் சாப்பிடும் அளவும் தூங்கும் நேரமும் என்ன என்று குறியுங்கள். கடை போட நினைப்பவர் அதே வகைக் கடையில் ஒரு மாதம் காலை முதல் இரவு வரை நின்று பார்க்கட்டும்.

கல்யாணத்துக்கு இப்படி ஒத்திகை இல்லை. அதற்குப் பதில் விசாரணையை நீட்ட வேண்டும். இருவரும் தனியாக இரண்டு மூன்று முறை பேசட்டும். கடன், நோய், வேலை இருக்கும் ஊர், வரதட்சணை எதிர்பார்ப்பு என்ற நாலையும் வாய்விட்டுக் கேட்கட்டும். நாலில் எதற்கு மழுப்பலான பதில் வருகிறதோ அங்கே நின்று விசாரியுங்கள்.

கடைசிப் பக்கம்

நாலாவது வாரம், காலையில், முதல் பட்டியல்காரர்கள் மட்டும் உட்காருங்கள். எடுத்த முடிவு, எடுக்க மூன்று காரணம், விட்டுவிட்ட வழி, நிறுத்தும் கோடு, திரும்பப் பார்க்கும் தேதி. ஐந்தையும் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

நிறுத்தும் கோடு என்பது எண்ணாக இருக்க வேண்டும். "கடை சரியா வரலேன்னா பார்க்கலாம்" என்று எழுதினால் கடன் ஏறிய பின்தான் பார்ப்பீர்கள். "எட்டு மாதம் ஆகியும் வாடகையும் மின்கட்டணமும் கடையிலிருந்தே வரவில்லையானால், அல்லது போட்ட 6 லட்சத்துக்குமேல் ஒரு ரூபாய் தேவைப்பட்டால் மூடுகிறோம்" என்று எழுதுங்கள். மனசு தெளிவாக இருக்கும்போது எழுதிய எண்தான் பிறகு நஷ்டத்தில் நிற்கும்போது கைகொடுக்கும். பார்க்கும் தேதிக்கு முன் யாரும் "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று பேச்செடுக்கக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் முழுதும் விசாரித்தபின்னும் இரண்டு வழியும் சரிசமமாக நின்றால், எதை எடுத்தாலும் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பொருள். அப்போது மேலும் ஆலோசனை கேட்பது வீண். திரும்புவதற்குச் செலவு குறைந்த வழியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

நோட்டைத் திறக்கவே முடியாமல், இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் முடிவைத் தள்ளிவைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை இருந்து, அதற்காகப் பிரிவதா என்ற கேள்வி என்றால் நாலு வாரம் காத்திருக்க வேண்டாம்: 181ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி இலவசம், 15100ல் கேட்டால் நாகர்கோவிலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். பிள்ளைகள் கைவிட்ட பெரியவர்களுக்கு 14567.